ரசீது கேட்டால் கோபமா?

போன ஆவணியில் ஒரு நாள். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நானும் அத்தானும் தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். தை முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே ஓடினால்தான் மண்டபம் கிடைக்கும். தாய்மாமன் என்ற முறையில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று சீர் செய்வது. இன்னொன்று, பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு வழக்கு.

மேனேஜர் டைரியைப் புரட்டினார். "தேதி இருக்கு சார். வாடகை மூணு லட்சம். பாதி அட்வான்ஸ். கேஷா கொடுத்துடுங்க."

அத்தான் மஞ்சள் பையிலிருந்து கட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றரை லட்சம். மேனேஜர் எண்ணி டிராயரில் போட்டுப் பூட்டினார். டைரியில் அந்தத் தேதிக்கு நேரே பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் எழுதினார். எழுந்து கைகூப்பினார். அவ்வளவுதான்!

"ரசீது?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தார். "இருபது வருஷமா நடத்தறோம் சார். எங்க மேல நம்பிக்கை இல்லையா? பில்லுதான் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேரும், பரவாயில்லையா?"

அத்தான் என் தொடையில் தட்டினார். "விடு மாப்ளே... நல்ல காரியம் பேசற இடத்துல."

வெளியே வந்தோம். கையில் மண்டபத்தின் விசிட்டிங் கார்டு ஒன்று இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ரசீது கேட்டால் ஏன் ஒருவருக்குக் கோபம் வருகிறது? கேட்கிற நமக்கு ஏன் கூச்சம் வருகிறது? காய்கறிக்கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்குகிறோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணம் என்று வந்துவிட்டால் மட்டும் கணக்குப் பேசுவது அபசகுனம் மாதிரி ஆகிவிடுகிறது.

எழுதி வைப்பது நம் பழக்கம் இல்லை, எல்லாம் வாய் வார்த்தைதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியா? அதே கல்யாணத்தில் மண்டபத்து வாசலில் ஒரு மேஜை போட்டிருப்பார்களே, அங்கே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார்? மொய் எழுதுகிறார். பெயர், ஊர், தொகை. நூற்றியொரு ரூபாய் வைத்தவர்கூட எட்டிப் பார்த்து, "இனிஷியல் விட்டுட்டீங்களே" என்று திருத்துகிறார். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்தே வைப்பார்கள். ஒவ்வொரு பைசாவுக்கும் நோட்டு உண்டு. எப்போது யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அங்கே யாரும், "என்னய்யா, என்னை நம்பலையா?" என்று கேட்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் சண்டை!

ஆக, எழுதுவது நமக்கு அவமானம் இல்லை. கோபத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் அது எங்கே இருந்தது என்று அன்று ராத்திரி கால்குலேட்டர் சொன்னது. மூன்று லட்சத்துக்குப் பதினெட்டு சதவீதம் 54,000 ரூபாய். மேனேஜர் ரசீது தர மாட்டேன் என்று சொல்லவில்லை. 54,000 கொடுத்தால் தருகிறேன் என்றார். அத்தான் அதை மிச்சம் பிடித்தார். நானும் வாய் மூடிக்கொண்டேன். அவர் வரி கட்டாமல் தப்பிக்க நாங்கள் துணை, நாங்கள் செலவைக் குறைக்க அவர் துணை. இதற்கு நாங்கள் மூன்று பேரும் வைத்த பெயர் 'நம்பிக்கை'. நாளைக்கு அவர் கைவிரித்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது?

காமர்ஸ் படித்த எவருக்கும் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். நான் கொடுத்த அட்வான்ஸ் என் பேரேட்டில் சொத்து. வாங்கியவர் பேரேட்டில் அது வருமானம் அல்ல, கடன். மண்டபத்தைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டு, கல்யாணம் நடந்த பிறகுதான் அது அவருடைய பணம். அதுவரை நம் பணம் அவர் டிராயரில் தூங்குகிறது, அவ்வளவே. ஆனால் பெரும்பாலோர் அட்வான்ஸ் கை மாறிய நிமிஷமே அதைச் சம்பாத்தியமாக நினைத்துவிடுகிறார்கள்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது இது நன்றாக வெளிப்பட்டது. பங்குனியில், சித்திரையில் முகூர்த்தம் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: அட்வான்ஸ் திரும்பி வருமா? என் அலுவலக நண்பர் ஒருவர் ஆறு மாதம் நடையாய் நடந்தார். "வேற தேதி வேணா எடுத்துக்கங்க, பணம் கிடையாது" என்றார்கள். பெண்ணுக்கு வீட்டு ஹாலில் இருபது பேரை வைத்துத் தாலி கட்டியாகிவிட்டது. இன்னொரு தேதிக்கு அவர் யாரைக் கல்யாணம் செய்து வைப்பார்?

இத்தனைக்கும் நம் ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போனால், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆவது பிரிவு. அதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணமும் கொடுக்கிறது. பாடகர் ஒருவர் கச்சேரிக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். உடம்பு முடியவில்லை, பாட முடியவில்லை. கச்சேரி நடக்காததால் போன லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டாம். ஆனால் அந்த ஆயிரத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். எவ்வளவு நியாயமான தீர்ப்பு பாருங்கள்! பாடகரைத் திட்டவும் இல்லை, பணத்தை விடவும் இல்லை.

நாமே கல்யாணத்தை நிறுத்தினால்? அது வேறு கதை. மண்டபக்காரருக்கு நியாயமான நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதை அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுசாக விழுங்கலாமா? டெல்லியில் ஏலத்தில் மனை எடுத்த ஒரு நிறுவனத்தின் முன்பணத்தை டெல்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை முன்னைவிடப் பெரிய விலைக்கு விற்றது. நஷ்டமே இல்லையே, பறிமுதல் எதற்கு என்று கேட்டு 2015-ல் உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. நம் தேதியை வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டு, நம் அட்வான்ஸையும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். சொல்ல, கையில் ரசீது இருக்க வேண்டும்!

இதுவரை படித்தவர்கள் நான் பணம் கொடுக்கிறவன் கட்சி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. 1999-ல் அக்காவுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சமையல்காரரிடம் முகூர்த்தச் சாப்பாடு இலைக்கு 40 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. பந்தி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. நூறு இலைப் பந்தி. ஐந்து பந்தி நிறைந்தது, ஆறாவதில் இருபது பேர். எண்ணியவன் நான்தான்.

மாலையில் கணக்குப் பார்த்தபோது அப்பா, "நானூத்தம்பது இலைக்கு மேல இருக்காது" என்றார். சமையல்காரர் 520 என்றார். இலைகள் அதற்குள் பின்கட்டுக்குப் போய், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் அப்பாவிடம் தனியாக, "அவர் சொல்றது சரிதாம்ப்பா" என்றேன். "பெரியவங்க பேசறதுல உனக்கென்ன?" என்றார். அப்பா மோசக்காரர் இல்லை. நகைக்கடை பாக்கி, சம்பந்தி வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் கேட்ட ஒரு சங்கிலி என்று கழுத்து வரைக்கும் கடன். எங்கே குறைக்க முடியும் என்று பார்த்தார். குறைக்க முடிந்த ஒரே ஆள், வேலையை முடித்துவிட்ட ஆள்.

கவரை என்னிடம் கொடுத்தார். 2,800 ரூபாய் குறைவு. "ரசம் புளிச்சிருந்ததுன்னு சம்பந்தி சொன்னார், அதையும் சொல்லிடு."

போனேன். அவர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு எண்ணினார். நான் ரசத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று தடவை பந்தியில் ரசம் வாங்கிக் குடித்தவன் நான்! அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி தம்பி. அக்கா நல்லா இருக்கட்டும்" என்றார். பல வருடம் கழித்து அந்தத் தெருவில் போய் விசாரித்தேன். வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள்.

கல்யாணப் பணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. தாலி கட்டும் வரை பிடி அவர்கள் கையில். முதல் நாள் ராத்திரி சமையல்காரர் "மீதியைக் கொடுத்தாத்தான் அடுப்பு பத்த வைப்பேன்" என்றால், நாம் யாரிடம் போக முடியும்? தாலி கட்டி, பந்தி முடிந்த அடுத்த நிமிஷம் பிடி நம் கைக்கு வந்துவிடுகிறது. பருப்பு வேகவில்லை, பூ வாடிவிட்டது, நாயனம் சரியில்லை... காரணத்துக்கா பஞ்சம்? போட்டோகிராபர் மட்டும் கெட்டிக்காரர். ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார்.

பாதுகாப்பாகப் பணம் கொடுப்பது எப்படி என்று கேட்கிறவர்கள், யாருக்குப் பாதுகாப்பு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மொத்தத்தையும் முன்னாலேயே கொடுத்தால் நமக்கு ஆபத்து. மொத்தத்தையும் பின்னால் தருகிறேன் என்றால் அவருக்கு ஆபத்து. கொஞ்சம் தேதியைப் பிடிக்க, கொஞ்சம் மளிகை எடுக்கிற அன்று, மீதி அன்றைக்கே அவர் மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் என்று பிரித்துக்கொண்டால் ஒருவர் கழுத்து இன்னொருவர் கையில் இருக்காது. இலையை இரண்டு தரப்பும் சேர்ந்து எண்ண வேண்டும், மாடுகள் வருவதற்கு முன்!

எந்த வழியில் கொடுப்பது? ரொக்கம் என்றால் ஓர் எல்லை உண்டு. ஒரே விசேஷத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் தடை. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், அதுவும் வாங்கியவருக்கு. நாம் கட்டு கட்டாகக் கொடுத்துவிட்டு வர, மாட்டுவது அவர்.

போனில் அனுப்பினால் தடயம் இருக்கும். ஆனால் யு.பி.ஐ.யில் போன பணத்தை நாமாகத் திருப்பி எடுக்க முடியாது. அனுப்பும்முன் திரையில் வருகிற பெயர் யாருடையது என்று பாருங்கள். பேசியது ஒருவர், பெயர் அவர் மச்சினன் என்றால், ஏன் என்று கேளுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "அட்வான்ஸைத் திருப்பி அனுப்பறேன், பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். செக் கொடுத்தால், திரும்பினால் வழக்குப் போட அவருக்கு வழி இருக்கிறது. அவருக்கும் ஒரு பிடி வேண்டாமா?

எல்லாருக்கும் வங்கி வழி சரிப்படும் என்றும் சொல்ல மாட்டேன். 2016 நவம்பரில் பழைய 500, 1,000 செல்லாது என்றானபோது, கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டரை லட்சம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது நினைவிருக்கும். கூடவே ஒரு நிபந்தனை. யாருக்கு ரொக்கம் கொடுக்கப் போகிறீர்களோ, அவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று அவர்களிடமே எழுதி வாங்கி வர வேண்டும்! பந்தல்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் நாம் எழுதி வாங்க வெட்கப்படாத ஒரே மாதம் அதுதான். பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கு இன்றும் ராத்திரி கையில் காசாக வேண்டும். கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

மண்டபத்துக்கு மறுநாள் நான் மட்டும் போனேன். பில்லோடுதான் வேண்டும், வரியையும் தருகிறோம் என்றேன். அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 54,000 அல்லவா!

அடுத்த வாரம் சமையல்காரரைப் பார்க்கப் போனோம். மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன ஆபீஸ். முப்பது வயதுதான் இருக்கும். மெனு பேசி முடித்து அட்வான்ஸைக் கொடுத்ததும், நான் ரசீது கேட்க வாயெடுப்பதற்குள் அவரே ஒரு நீள நோட்டை எடுத்தார். தேதி, இலைக்கு எவ்வளவு, எத்தனை இலை, எப்போது எவ்வளவு பணம், எல்லாம் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு நோட்டைத் திருப்பி அத்தானிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார். எத்தனை இலை ஆச்சுன்னு அன்னிக்கு எண்ணினதுக்கு அப்புறம் இன்னொண்ணு."

அத்தான் முகம் மாறிவிட்டது. "என்னப்பா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.