கருவி எவருக்குக் கட்டுப்பட்டது?

கருவி என்பது அதனை வைத்திருப்பவனது கையின் நீட்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. மண்வெட்டி எவர் வயலிலும் வெட்டும். தனக்குப் பிடி போட்ட தச்சன் யார் என்று அது கேட்பதில்லை. இன்று வீட்டு மேசையில் இருக்கும் அச்சுப்பொறி அத்தகையதன்று. தன்னுள் இட்ட மையை விற்றவர் எவர் என அது விசாரிக்கின்றது; விடை ஒவ்வாதவிடத்து வேலை செய்ய மறுக்கின்றது. விலை கொடுத்தவர் ஒருவராகவும் ஆணையிடுபவர் வேறொருவராகவும் இருக்கும் பொருளை உடைமை எனல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கணினி உலகில் இவ்வினா கூர்மை பெற்றதும் ஓர் அச்சுப்பொறியின் முன்னிலையிலேயே. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்குச் செரொக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அளித்தது. அதில் கடதாசி அடிக்கடி சிக்கியது. சிக்கியதும் உரியவருக்கு அறிவிக்குமாறு அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார் அங்கு பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன். பழைய பொறியில் அவ்வாறு செய்தவர் அவர். புதியதன் மூலநிரலோ கொடுக்கப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், எவர்க்கும் கொடுப்பதில்லை என வாக்களித்திருந்தமையால் மறுத்துவிட்டார். வாக்குத் தவறாமை அறமே. ஆயின், உடனுழைப்போர் எவருக்கும் உதவேன் என முன்கூட்டியே வாக்களித்தல் அறமாகுமா? ஆகாது என்பது ஸ்ரோல்மன் கொண்ட முடிபு. 1983இல் அவர் அறிவித்த க்னூ திட்டமும் 1991இல் லைனஸ் ரோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்தே இன்று பெரிதும் வழங்கும் திறந்த மூலப் பணிசெயல் முறைமைகள் உருவாயின.

உற்பத்தியாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பொறியைக் குறைந்த விலைக்கு விற்று இலாபத்தை மையிற் பெறுதல் அவர்தம் வணிகமுறை. மலிவை விரும்பி வாங்கியவர் பின்னர் முறையிடலாமோ? இவ்வாதம் வலுவற்றதன்று. ஆனால் உடன்பாடு எனப்படுவது வாங்கும் வேளையில் அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும். 2016 செப்ரெம்பரில் எச்.பி. நிறுவனத்தின் சில அச்சுப்பொறிகள், அதுவரை ஏற்றுவந்த பிறர் தயாரித்த மைப்பேழைகளைத் திடீரென நிராகரித்தன. முன்னரே அனுப்பப்பட்ட மென்பொருள் திருத்தமே காரணம். வாங்கிய பின் மாற்றப்படும் ஒப்பந்தத்துக்கு இசைவு எங்ஙனம் பெறப்பட்டது? 2017இல் லெக்ஸ்மாக் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஒரு பொருளை விற்றதோடு அதன்மீதான காப்புரிமைப் பிடியும் தீர்ந்துவிடுகிறது எனத் தீர்த்தது. பேழையிலுள்ள மின்சில்லு தீர்ப்புகளை வாசிப்பதில்லை என்பது வேறு விடயம்.

வன்னிப் பெருநிலப்பரப்புக்கு இது வெறும் தத்துவ விசாரமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலமும் எரிபொருளும் தடுக்கப்பட்டபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். அவ்வியந்திரங்கள் திறந்து பார்க்கத்தக்கனவாய், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஏற்பனவாய் இருந்தமையாலேயே அது கூடிற்று. மின்சில்லு பூட்டிய பொறிகளாயின் அம்மக்களின் அறிவும் கையும் வாளாவிருந்திருக்கும். போர் முடிந்த பின்னரும் பற்றாக்குறை வேறு வடிவில் வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது; கடதாசியின்மையால் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளும் அம்மாதம் பிற்போடப்பட்டன. பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ பயிலும் மாணவர் ஆய்வேட்டை அச்சிட முனையும் இரவில் தொலைநாட்டு நிறுவனமொன்றின் இசைவும் வேண்டியிருப்பின், நம்பகம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

அமைச்சரைத் தெரிவதற்கென வள்ளுவர் வகுத்த ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் பொறியைத் தெரிவதற்கும் ஆகும். முதலில் நோக்கத்தக்கது அதன் மொழி. நிறுவனம் தனியே எழுதித்தரும் செலுத்தி மென்பொருளை மட்டும் நம்பிய பொறி, நிறுவனம் கைவிட்ட பின்னர் ஊமையாகும். போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுமொழியையோ ஐ.பி.பி. எவ்ரிவெயர் என்னும் பொதுநெறியையோ அறிந்த பொறியுடன், லினக்ஸ் கணினிகளில் வழங்கும் கப்ஸ் அச்சு முறைமை நேரே உரையாடும். அடுத்தது மை. லேசர்ப் பொறியின் மைத்தூள் மாதக்கணக்கிற் கிடந்தாலும் உலராது. ஆனால் அதனை உருக்கி ஒட்டப் பல நூறு உவாற்று மின்வலு வேண்டும். மின்வெட்டு வேளையில் சிறு மின்சேமிப்புக் கருவி அதனைத் தாங்காது. மை தெளிக்கும் பொறிக்குச் சிறிதளவு மின்சாரமே போதும். நெடுநாள் பாவிக்காதுவிடின் அதன் நுண்துளைகள் அடைபடும். நாள்தோறும் அச்சிடும் வீட்டுக்குப் போத்தலிலிருந்து மையூற்றும் தாங்கியுடையது ஏற்றது. எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் அத்தகைய பொறியை விற்கத் தொடங்கியதும், அங்குள்ளோர் தாமாகவே வெளித்தாங்கி பொருத்தி மையூற்றி வந்தமையாலேயே.

பெட்டியில் அச்சிடப்பட்ட வாக்குறுதியினும் ஒரு சோதனை மேலானது. உபுந்துவை ஒரு பென் டிரைவில் ஏற்றிச் சென்று, கடையிலுள்ள கணினியை அதிலிருந்து இயக்கி, வாங்கவிருக்கும் பொறியில் தமிழ்ப் பக்கமொன்றை அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். கடைக்காரர் சற்றே சலித்துக்கொள்ளக்கூடும். பணம் கைமாறுவதற்கு முன் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.