சாக்கடையில் கொட்டிய பீர்

1980 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சீக்கோ ஊரில் கென் கிராஸ்மனும் பால் கமூசியும் தங்கள் சிறிய ஆலையில் முதல் பீரைக் காய்ச்சினார்கள். ஆலைக்குப் பெயர் சியரா நெவாடா. முதலில் கருநிற ஸ்டவுட். அதன் பிறகு, அவர்கள் உண்மையில் விற்க நினைத்திருந்த பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒரு ஈடு நன்றாக வந்தால் அடுத்த ஈடு வேறு மாதிரி வந்தது. கிட்டத்தட்ட பத்து ஈடு பீரை அவர்கள் சாக்கடையில் கொட்டினார்கள்.

கையில் இருந்ததோ குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் புரட்டிய பணம். கொட்டியதை அப்படியே பாட்டிலில் அடைத்து விற்றிருந்தால், குடித்தவர்களில் பலருக்குக் குறை தெரிந்தே இருக்காது. காசைச் சாக்கடையில் விட்ட இந்த இரண்டு இளைஞர்களை அன்று யாராவது பார்த்திருந்தால், இவர்களுக்குத் தன்னம்பிக்கை போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தொழில் தொடங்குகிறவருக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, நம்பிக்கையை விடாதே என்பது. எதன் மேல் நம்பிக்கை என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. தன் கையின் மேலா, சரக்கின் மேலா, வாங்குகிறவர் மேலா? இந்த மூன்றும் ஒன்றில்லை. சிறு பீர் ஆலை தொடங்கியவர்களின் கதைகளில் இது துலக்கமாகத் தெரிகிறது. தொழிலின் போக்கே அப்படி. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்த பிறகு காய்ச்சியவருக்கு வேலை பெரிதாக இல்லை. இனி எல்லாம் ஈஸ்டின் கையில். ஏல் வகை நொதிக்க ஒரு வாரம்; பாட்டிலுக்குள்ளேயே நுரை கட்ட விட்டால் இன்னும் ஓரிரு வாரம். கலனில் எங்கோ ஒட்டியிருந்த பாக்டீரியா உள்ளே போய்விட்டதா என்பது அதற்குப் பிறகே நாக்குக்குத் தெரியும். அதற்குள் அடுத்தடுத்த ஈடுகளும் வரிசையில் நின்றிருக்கும்.

அதனால்தான் ஆலைக்காரரின் நாளில் பெரும்பகுதி காய்ச்சுவதில் போவதில்லை, கழுவுவதில் போகிறது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கலனைத் தேய்க்கிற நேரத்தில் யாரும் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அவர் நாளைக்கு நம்பப்போவது அந்தக் கழுவலைத்தான்.

கிராஸ்மனின் துணிச்சலும் ஒரே நாளில் வந்ததல்ல. 1976-லேயே சீக்கோவில் வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான கடை வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவதே அப்போது குற்றம். அதிபர் கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட பிறகுதான் அது சட்டபூர்வமானது. பெரிய வியாபாரிகள் சிறு கடைக்கு நல்ல ஹாப்ஸ் தரவில்லை என்பதால் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவுக்கே போய், ஆலைகளுக்கு மாதிரிக்காக வெட்டி வைத்த கட்டிகளை வாங்கி வந்தார். மூடிப்போன பால் பண்ணைகளின் தொட்டிகளை வாங்கித் தானே வெல்டிங் செய்து ஆலையைக் கட்டினார். ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரிந்தவருக்கு, கெட்டுப்போன ஈட்டின் காரணத்தைத் தேடிப் பிடிக்கலாம் என்ற தைரியம் இருக்கும். பத்து ஈட்டைக் கொட்டவைத்தது அந்தத் தைரியம்தான் என்று தோன்றுகிறது.

சரி, இதெல்லாம் இருந்தும் விழுந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கிராஸ்மனுக்கு முன்னோடியே அப்படி விழுந்தவர்தான்.

ஜாக் மெக்காலிஃப் அமெரிக்கக் கடற்படையில் தொழில்நுட்பப் பணியில் இருந்தவர். ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தபோது அங்கத்திய ஏல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. 1976-ல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். அமெரிக்காவில் இருந்த பீர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. பழைய பால் பண்ணைச் சாமான்களையும் உலோகப் பீப்பாய்களையும் வைத்து எல்லாவற்றையும் தன் கையால் கட்டினார். கைத்திறனிலும் பிடிவாதத்திலும் அவர் யாருக்கும் குறைந்தவரில்லை. பத்திரிகைகள் எழுதின, பீருக்குப் பெயர் வந்தது, கிராஸ்மன் உட்படப் பலர் ஆலையைப் பார்க்க வந்தார்கள். 1982-ல் ஆலை மூடப்பட்டது.

காரணத்தை அளவில் பார்க்கலாம். நியூ ஆல்பியனின் ஒரு ஈடு 45 கேலன், அதாவது சுமார் 170 லிட்டர். வாரத்துக்கு ஆறு நாள் காய்ச்சினாலும் ஆண்டு முழுவதற்கும் ஐம்பதாயிரம் லிட்டரைச் சுற்றித்தான் நிற்கும். வாடகை, கூலி, வரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய கலன் போட அவர் கடன் தேடினார், கிடைக்கவில்லை. சிறு பீர் ஆலை என்ற ஒன்றையே அதுவரை பார்த்திராத வங்கிகள் எதைப் பிணையாக எடுத்துக்கொள்ளும்? சியரா நெவாடாவோ தொடங்கும்போதே ஒரு ஈட்டுக்கு 10 பேரல், ஏறத்தாழ 1,170 லிட்டர் என்று கட்டிக்கொண்டது. கழுவும் உழைப்பு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. விற்கக் கிடைப்பது ஏழு மடங்கு. மெக்காலிஃபிடம் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அளவு போதாமல் இறங்குவதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: கணக்கு, மேசை, கணினி என்று தயாராகிக்கொண்டே இருப்பது. சாமுவேல் ஆடம்ஸ் பீரைக் கொண்டுவந்த ஜிம் குக், நல்ல சம்பளம் தந்த நிர்வாக ஆலோசகர் வேலையை 1984-ல் விட்டவர். விற்பனையைப் பதிவு செய்ய ஒரு கணினி பார்த்துக்கொண்டிருப்பதாக நிதித்துறையில் இருந்த உறவினர் ஒருவரிடம் சொன்னார். இதுவரை எவ்வளவு விற்றாய் என்று அவர் கேட்க, ஒன்றுமில்லை என்று குக் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே பாட்டிலை வைத்துக்கொண்டு பாஸ்டனின் மதுக்கூடங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். பயம் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். பயம் போகட்டும் என்று காத்திருக்காமல் போனார், அவ்வளவுதான்.

இன்று அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன. 2024-ல் அங்கே திறந்த சிறு ஆலைகளைவிட மூடியவை அதிகம். 1896-ல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 2023-ல் மூடியது. மூடியவர்களில் பலர் நல்ல பீர் காய்ச்சியவர்கள்.

நியூ ஆல்பியன் பீரை ஜிம் குக் 2013-ல் மறுபடி காய்ச்சி நாடு முழுவதும் விற்று, லாபத்தை மெக்காலிஃபிடம் கொடுத்தார். ஆலை மூடி முப்பது ஆண்டு கழித்து வந்த பணம் அது. இப்போது இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர் ஒரு காரியம் செய்யலாம். என்னால் முடியுமா என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு, ஒரு ஈட்டுக்கு எத்தனை லிட்டர், அதில் எத்தனை ஈடு கெட்டுப்போனாலும் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்து என்று எழுத முடியாவிட்டால், கலன் வாங்குவதைத் தள்ளிப்போட்டு இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.