கரை ஒதுங்கியது யாருக்குச் சொந்தம்?

சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு கடற்கரை மணலில் நடப்பதில் தனி இன்பம் உண்டு. கடலோர ஊர்களில் பிறந்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு அதை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரவெல்லாம் அலை கொண்டுவந்து வைத்தவை ஈரம் காயாமல் கிடக்கும். கிளிஞ்சலும் சோழியும் உடைந்த சங்கும் பவளத் துண்டும் கடற்பாசியும் ஒன்றோடொன்று கலந்து நீண்ட ஒரு கோடாகக் கரையோரம் நெடுகக் கிடக்கும். நேற்றுப் பார்த்தது இன்று இராது. இன்று பார்ப்பது நாளை இராது. குனிந்து குனிந்து பொறுக்குகிற குழந்தைக்கு நேரம் போவதே தெரியாது. பெரியவர்களுக்கும் அப்படித்தான், ஒப்புக்கொள்ளத்தான் கூச்சப்படுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள உறவினர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அப்போது எட்டு வயதாயிருந்த நம் மகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சங்கும் சோழியும் பொறுக்கிச் சேர்த்தாள். இரண்டாம் நாள் அந்த அறையில் நாற்றம் தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்தால் டப்பாவில் இருந்த ஒரு சங்குக்குள் சிறு நண்டு ஒன்று செத்துக் கிடந்தது. வீட்டார், “ஓர் உயிரைக் கொன்றுவிட்டாயே” என்று கடிந்துகொண்டார்கள். பிள்ளை அழுதபடி நம்மிடம் வந்து, “வாப்பா, கடல் வெளியே போட்டதைத்தானே எடுத்தேன், அது எப்படிப் பாவமாகும்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அன்று ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. கரை ஒதுங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்? எடுக்க அனுமதி உள்ள ஒன்றை எவ்வளவு எடுக்கலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கடலின் அழகுப் பொருள்களில் மகிழ்வது வீண் விளையாட்டு அன்று. கடலிலிருந்து மனிதன் எடுத்து அணியும் அணிகலன்களைத் திருமறையின் நஹ்ல் அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகவே எண்ணிக் காட்டுகிறது. ஒரு சோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எலும்பற்ற, மென்மையான ஒரு சிறு பிராணி, கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தன் உடலில் ஈர்த்து, படலம் படலமாகக் கசியவிட்டுக் கட்டிய வீடு அது. உளியும் இல்லை, அச்சும் இல்லை. கிளிஞ்சலின் முதுகில் வளையம் வளையமாக ஓடும் கோடுகள் அது வளர்ந்த கதையைச் சொல்லும். இதைக் கண்டு வியக்காத உள்ளம் வேறு எதைக் கண்டு வியக்கப்போகிறது?

அடுத்து, உரிமை. வழியில் கிடக்கும் பிறர் பொருளைப் பற்றி நம் மார்க்கத்தில் விரிவான சட்டங்கள் உண்டு. மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் அதன் அடையாளங்களை அறிந்துகொண்டு ஓராண்டு அறிவிப்புச் செய்யவேண்டும் என்பதை நாம் அறிவோம். கடலில் கிடைத்தவை பற்றியும் ஃபிக்ஹு நூலோர் ஆராய்ந்திருக்கிறார்கள். மீன் வயிற்றில் முத்து ஒன்று கிடைக்கிறது. அதில் துளை இல்லையானால், பிடித்தவருக்கே அது சொந்தம். துளையிட்ட முத்தானால், அது முன்னரே ஒரு மனிதர் கைக்குப் போய்த் தவறியது. ஆகவே கண்டெடுத்த பொருளுக்குரிய சட்டம் அதற்கு உண்டு. எவ்வளவு நுட்பமான பார்வை! கடல் கரைசேர்க்கும் அம்பரைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அது புதையல் அன்று, கடல் வெளியே தள்ளிய பொருளே என்று கருத்துச் சொன்னதாக ஹதீஸ் நூல் கூறுகிறது. இந்த அளவில் பார்த்தால் நம் மகள் சொன்னதே சரி. மனிதர் எவருக்கும் சொந்தமாயிராத சங்கு, கண்டெடுத்தவருக்குச் சொந்தம்.

ஆனால் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. மனித உரிமையாளர் இல்லை என்பதால் குடியிருப்பவரும் இல்லை என்றாகிவிடுமா?

ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி விட்டுவிடும்படி பணித்தார்கள். அந்தப் பறவை எவருடைய சொத்தும் அன்று. வேட்டையோ ஆகுமான காரியம். ஆயினும் அதன் தவிப்பு அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

சங்குக்கும் இது பொருந்தும். நம் மகளின் டப்பாவில் செத்த நண்டுக்கு முதுகில் ஓடு இருப்பினும் பின்னுடல் மெத்தென்றிருக்கும். சங்குப்பூச்சி இறந்து காலியான கூட்டைத் தேடிப் பிடித்து, அதனுள் உடலைச் செருகிக்கொண்டு, அதையே சுமந்து திரியும். வளர வளரப் பெரிய கூடு தேடி வீடு மாறும். ஆள் வரும் அரவம் கேட்டால் உள்ளே ஒடுங்கிவிடும். நமக்குக் காலிச் சங்கு. அதற்கோ இருக்கும் ஒரே வீடு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடைகளில் பளபளவென்று அடுக்கி விற்கும் சங்கும் சோழியும் பெரும்பாலும் கரை ஒதுங்கியவை அல்ல. அலையில் புரண்டு வெயிலில் கிடந்த கூடு மெருகு இழந்துவிடும். மெருகோடு வேண்டுமானால் உயிரோடு பிடிக்கவேண்டும். இது புதிதும் அன்று. 1343ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்த பயணி இப்னு பதூதா, அங்கே சோழியே நாணயமாக வழங்கியதை எழுதியிருக்கிறார். சோழிகளைக் கடலிலிருந்து சேகரித்துக் குழியில் இடுவார்கள்; சதை அழிந்து வெள்ளை ஓடு மிஞ்சும். வங்காளத்து அரிசி வாங்கவும் அதுவே பணம். ஒரு பொற்காசுக்கு நான்கு லட்சம் சோழி என்ற கணக்கையும் அவர் தருகிறார். அந்த நாணயம் இன்று குழந்தையின் விளையாட்டுப் பொருள்! உலகச் செல்வத்தின் நிலை இதுதான்.

எடுப்பதில் வரம்பு வைக்கும் வழக்கம் நம் கடற்கரைக்குப் புதிதன்று. கீழக்கரை முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள், வணிகம் செய்தவர்கள். இங்கெடுத்த சங்கு வளையல் அறுப்பதற்காக வங்காளம் வரை போனது. அரசு நடத்திய சங்குக் குளிப்பில், குறித்த அளவுக்குச் சிறுத்த சங்கைக் கடலிலேயே திரும்ப விட்டுவிடவேண்டும் என்ற விதி இருந்தது. முத்தின் கதை வேறாக முடிந்தது. தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பவளமும் கடல் அட்டையும் சில சங்கு வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். அறியாமல் வாங்கி வீட்டில் வைப்போர் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

“உயிர் இல்லாத வெறுங்கூட்டை ஒரு கை அள்ளினால் கடல் குறைந்தா போகும்?” என்று சிலர் கேட்கலாம். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யாதீர் என்ற போதனையை அவர்களுக்கு நினைவூட்டுவோம். பொருள் ஏராளமாக இருப்பது, நாம் அளவின்றி எடுப்பதற்கு நியாயம் ஆகாது. அன்றியும் ஏராளமும் குறையக்கூடியதே. ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில் 1978 முதல் 1981 வரை ஆய்வாளர்கள் கிளிஞ்சல்களை எண்ணினார்கள். 2008 முதல் 2010 வரை அதே கரையில் மீண்டும் எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில் உல்லாசப் பயணிகளின் வருகை ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. கிளிஞ்சல்களோ பாதிக்கும் மேல் குறைந்துபோயிருந்தன. பொறுக்கிச் செல்வதும், கரையை இயந்திரத்தால் வாரித் துப்புரவு செய்வதும் காரணங்களாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். ஒவ்வொருவரும் எடுத்தது ஒரு கைதான்!

வெறுங்கூடும் வீணாகக் கிடப்பதில்லை. ஒரு பகுதி நண்டுக்கு வீடாகிறது. ஒரு பகுதி பாசிக்கும் சிற்றுயிருக்கும் பிடிமானம் ஆகிறது. எஞ்சியது பொடிந்து மணலாகிறது. நாம் காலாற நடக்கும் கரையே ஓரளவு பழைய சங்கும் பவளமும்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று எண்ணி வைத்தார்கள். அவற்றுள் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததனால், அலையைத் தடுத்து நின்ற வேலி போய்விட்டது. தூத்துக்குடியை அடுத்த வான் தீவும் கரைந்து சுருங்கியது. அதைக் காப்பதற்காகக் கடலுக்கடியில் செயற்கைத் திட்டுகள் வைக்க வேண்டியதாயிற்று.

கரை மாறுவது இறைவன் நியதி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை ஓர் இரவில் அழித்ததையும், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்ததையும் கண்டோம். அவற்றில் மனிதனின் கை இல்லை. ஆனால் கரை ஒதுங்கும் பொருளே மாறிவிட்டதே, அதில் யாருடைய கை? 2021இல் கொழும்புக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது, அரிசிமணி போன்ற பிளாஸ்டிக் குருணைகள் இலங்கைக் கரையில் குவிந்தன. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் வேறொரு கப்பல் மூழ்கியபோது கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் அதே குருணைகள் ஒதுங்கின. கப்பலை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சங்கு கிடந்த கோட்டில் இன்று கிடக்கும் பாட்டில் மூடியும் ஷாம்பு உறையும் நம் வீட்டிலிருந்து போனவை. துளையிட்ட முத்தில் மனிதன் கைப்பட்ட அடையாளத்தைக் கண்டார்கள் நம் முன்னோர். இந்தக் குப்பையிலும் அந்த அடையாளம் இருக்கிறது. உரிமையாளர் யார் என்று ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டியதில்லை!

ஆகவே நம் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகாமல் இருப்பதில்லை. அந்த இன்பத்தை அவர்களிடமிருந்து பறித்தால், கடலை நேசிக்க அவர்கள் எங்கே கற்பார்கள்? சங்கை எடுத்தால் உள்ளே பார்க்கவேண்டும்; ஈர மணலில் வைத்துச் சற்றுப் பொறுத்திருக்கவேண்டும். நகர்ந்தால் அது வேறொருவர் வீடு. காலியானால் ஆசைதீரப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்குவதில்லை. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதனால், திரும்பும்போது ஒரு பை குப்பையாவது பொறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

அன்று மகளிடம் சொல்லத் தெரியாததை இன்று சொல்வோம்: “மகளே, நீ எடுத்தது பாவம் அன்று, அறியாமை. அறிந்த பின்பும் பார்க்காமல் எடுத்தால்தான் கேள்வி உண்டு.” மறுநாள் காலையிலேயே அவள் டப்பாவைக் கரைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஒரு கிளிஞ்சலை மட்டும் வைத்துக்கொண்டாள். அதில் ஊசியால் குத்தினாற்போல் வட்டமான ஒரு துளை. மனிதர் இட்டது அன்று. இரை தேடி வந்த வேறொரு கடல்நத்தை குடைந்தது. நூல் கோக்க வசதியாக இருக்கிறது என்று அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நாம் தடுக்கவில்லை.

அனுமதிக்கப்பட்டதை அனுபவிக்கும் மகிழ்ச்சியையும், அளவோடு நிறுத்திக்கொள்ளும் உள்ளத்தையும் அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.