தாங்குதலும் தகுதியும்

குவாத்தமாலாவில் வாழும் கீச்சே மாயா மக்களின் புனித நூலான போபோல் வூவில், தெய்வங்கள் மனிதனை ஒரே முயற்சியில் படைத்துவிடுவதில்லை. முதலில் மண்ணால் செய்த உருவம் நீரில் கரைந்து குலைகிறது. அடுத்து மரத்தால் செய்தவர்கள் நடந்தும் பேசியும் பெருகியும் பூமியெங்கும் பரவினாலும், நெஞ்சும் நினைவும் அற்றுப் படைத்தவரையே மறந்ததால் வெள்ளத்தில் அழிக்கப்படுகிறார்கள். இறுதியில் மஞ்சள், வெள்ளை மக்காச்சோள மாவால் உருவானவர்களே மனிதர்களாக நிலைக்கிறார்கள். மண் மனிதனின் குறை தாங்காமை. மர மனிதனுக்கோ தாங்குவதில் குறையில்லை, ஆயினும் அவன் விலக்கப்படுகிறான். நிலைத்திருப்பது ஒன்றே ஒரு படைப்பை நல்லதாக்கிவிடுமா என்று இக்கதை எழுப்பும் கேள்வி, மக்காச்சோளத்தையே மனிதன் மறுபடி உருவாக்க முனையும் பயிர் இனவிருத்திக்கும் பொருந்துகிறது.

பூக்கும் பருவத்தில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைக் கடந்து காற்றும் வறண்டிருந்தால், செடியின் உச்சியிலுள்ள ஆண் பூங்கொத்தின் மகரந்தம் உயிர்ப்பை இழக்கிறது. ஓரிழைக்கு ஒரு மணி என்ற கணக்கில் கதிரிலிருந்து நீளும் பட்டிழைகளும் உலர்ந்துபோவதால், கதிரில் மணி பிடிக்காமல் இடைவெளிகள் விழுகின்றன. மணி பிடித்த பின் வெயில் தாக்கினாலோ, பால் பிடித்து முற்றும் காலம் சுருங்கி, சேரும் மாவுச்சத்து குறைந்து, மணி சிறுத்துவிடுகிறது. ஆகவே, தனித்தனியே தூய்மைப்படுத்திய இரு பெற்றோர் வழிகளைக் கலந்து பெறும் வீரிய ஒட்டுரகங்களை வெப்பமான வயல்களில் சோதிக்கும்போது, கதிர் நிரம்புகிறதா என்பதே முதல் அளவுகோலாகிறது; மணிக்குள் இருக்கும் புரதத்தின் தரத்தை அந்த அளவுகோல் காட்டுவதில்லை.

தரத்தை மட்டும் நாடினாலும் படைப்பு நிறைவடைவதில்லை என்பதற்கு ஓபேக்-2 என்னும் மரபணுவின் வரலாறு சான்று. மக்காச்சோளப் புரதத்தில் இயல்பாகக் குறைவாக இருக்கும் லைசின், டிரிப்டோபான் என்னும் இன்றியமையா அமினோ அமிலங்களை இது உயர்த்துவதாக 1960களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் அந்த மணிகள் மாவுபோல் மென்மையாகி, விளைச்சல் குறைந்து, பூச்சிக்கும் அழுகலுக்கும் எளிதில் இரையாகின. மெக்சிகோவில் இயங்கும் சர்வதேச மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில் எவாஞ்சலினா வில்லேகாஸும் சுரீந்தர் வாசலும் நெடுங்காலம் உழைத்து, மணியை மீண்டும் கெட்டியாக்கும் துணை மரபணுக்களைச் சேர்த்தே தரமான புரத மக்காச்சோளத்தை உருவாக்கினர். அதற்காக 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றனர்.

எனவே தாங்குதலும் தரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்றாலும், ஒன்று இருந்தால் மற்றது தானே வந்துவிடாது. இரண்டையும் வேண்டுவதும், எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என முடிவு செய்வதும் ஒரு மதிப்பீட்டுச் செயலாகும். மெசோஅமெரிக்க உழவர் தம் நாட்டு ரகத்தின் கதிர்களை வீட்டில் பரப்பி, மாவு பிசைய எப்படி வரும் என்பதையும் கருதி விதைக்கு எடுக்கும்போது, அம்மதிப்பீடு உண்பவரிடமே இருக்கிறது. வீரிய ஒட்டுரகத்தின் விளைச்சலிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் பண்புகள் சிதறிவிடுவதால், ஆண்டுதோறும் விதை வாங்கும் உழவரிடமிருந்து அம்மதிப்பீடு விதை உருவாக்குவோரிடம் போய்ச்சேர்கிறது. வெயில் கடுமையாகும் காலத்தில் இந்த மாற்றம் தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். ஆனால் தாங்கும் ஆற்றலை எதற்காக வளர்க்கிறோம் என்பதைச் செடியின் உடலியல் மட்டும் சொல்லிவிடாது என்பதால், அதை உண்டு வாழ்பவரின் தேவையும் தேர்வின் அளவுகோல்களுள் ஒன்றாவதே முறையாகும்.