வன்தட்டும் அத்துவ சுத்தியும்

சிவமயம்

அரூரை அடுத்த தீர்த்தமலையில் இராம தீர்த்தத்தில் நீராடித் தீர்த்தகிரீசுவரரை வழிபடுவோர் பலர். இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமபிரான் வழிபட்ட தலம் என்பது தலவரலாறு. வழிபட்ட அன்று உள்ளந் தெளிகின்றது. சின்னாளிற் பழைய குற்றமே மீளத் தலைகாட்டுகின்றது. இதற்குக் காரணம் யாதென்பதை, இக்காலத்தார் நன்கறிந்த கணினியை உவமையாகக் கொண்டு ஆராய்வாம்.

கணினியின் வன்தட்டில் ஒரு கோப்பை நீக்குமாறு ஏவினால், நீங்குவது பெரும்பாலும் அட்டவணைக் குறிப்பே. எழுதப்பட்டது, அதன்மேல் வேறொன்று எழுதப்படுங்காறும் தட்டிலேயே கிடக்கும். 1991-இல் கண்டறியப்பட்டு, 1992 மார்ச்சு 6-ஆம் நாளை உலகம் அஞ்சி எதிர்நோக்கச் செய்த 'மைக்கலாஞ்சலோ' என்னும் வைரஸ், கோப்புக்களில் தங்காது தட்டின் தொடக்கக் கூற்றிலே உறைந்தது. ஆதலின், கோப்புக்களையெல்லாம் நீக்கித் தட்டை 'பார்மட்' செய்தாலும் அது போகாது. கணினியை எழுப்புந்தோறும் ஏனை நிரல்களுக்கு முன்னே தான் எழுந்து நினைவகத்தில் அமரும். அத்தகைய வைரஸைத் தட்டோடு துடைப்போர், மாசற்ற வேறொரு தட்டினாற் கணினியை எழுப்பி, முதற்கூறு தொடங்கி இறுதிவரை ஒன்றும் விடாது சுன்னத்தை எழுதுவர். நோயுற்ற தட்டு தன்னைத்தானே துடைத்துக்கொள்ள மாட்டாது.

ஈண்டு இரண்டு உண்மைகள் புலனாம். மறத்தல் வேறு, அழித்தல் வேறு என்பது ஒன்று. செய்த வினையை நாம் மறப்பினும் அது சஞ்சிதமாய் அத்துவாக்களைப் பற்றி நிற்கும். மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்னும் ஆறனையும் நிருவாண தீக்கையில் ஆசாரியர் முறையே சோதித்துத் தூய்மை செய்வது இதுபற்றியே. மலமறைப்பிற் கிடக்கும் உயிர் தன் முயற்சியால் அதனைக் களையமாட்டாது என்பது மற்றொன்று. மலமில்லாத இறைவனே குருவடிவாய் எழுந்தருளிக் களைதல் வேண்டும். நீராடலும் நோன்பும் பயனில என யாம் கூறினேமல்லேம். அவை உயிரைச் சத்திநிபாதத்துக்குப் பக்குவப்படுத்துவன.

அற்றேல், தட்டில் யாவும் அழிதல்போல முத்தியில் உயிரும் சூனியமாமோ எனின், ஆகாது. எழுத்து அழிந்தபின்னும் தட்டு உளது. எழுத்தை ஏற்கும் அதன் ஆற்றலும் உளது. உவமை ஒவ்வாத இடமும் உண்டு. வைரஸ் இடையே வந்தது. ஆணவமோ செம்பிற் களிம்புபோல அநாதியே உடனுள்ளது. வைரஸ் முற்றும் அழியும். ஆணவம் பொருளாய் அழியாது, ஒளிமுன் இருள்போல அதன் சத்தியே மடங்கும்.

ஆகலின், தீக்கை பெற்றதோடு காரியம் முடிந்ததென்று வாளா இருத்தல் பெரும் பிழையாம். துடைத்த தட்டிற் பழைய பென்டிரைவைச் செருகி, ஆராயாது நிரல்களை ஏற்றுவோன் பழைய நோயையே ஏற்றுவான். தீக்கை பெற்றும் நாட்கடனை நெகிழவிட்டு, பழைய கூட்டத்தையே நாடுவோரை வாசனாமலம் அங்ஙனமே வந்து தாக்கும். சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம் அடியார் இணக்கத்தையும் ஆலய வழிபாட்டையும் ஞானிக்கும் விதித்தது இதுபற்றியென்க. தீக்கைக்கு முன் பக்குவந்தரும் தீர்த்தமும் தலமும், தீக்கைக்குப் பின் காப்பாய் நிற்கும்.

திருச்சிற்றம்பலம்