தாய்க்கோழியின் பசி

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பாட்டி கோழி வளர்த்தார். எந்தக் கோழியை அடைக்கு வைப்பது என்பதில் கறாராக இருப்பார். "மூசாங் வந்தா குஞ்ச விட்டுட்டு ஓடுறது எதுக்கு? கொழம்புக்குத்தான்" என்பார். குஞ்சுகளைக் காப்பாற்றும் கோழியின் முட்டைகளில்தான் அடுத்த தலைமுறை பொரியும். மரபணு என்ற சொல்லையே கேட்டிராத பாட்டி செய்ததும் மரபுத் தேர்வுதான்.

பெருநிறுவனங்கள் வேறொன்றைத் தேர்ந்தன: எடை. கோழியின் வளர்ச்சியை ஒற்றை மரபணு தீர்மானிப்பதில்லை. சின்னச் சின்ன வேறுபாடுகள் பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுத்ததன் விளைவை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1957, 1978, 2005ஆம் ஆண்டு இனங்களுக்கு ஒரே தீவனம் கொடுத்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808, மூன்றாவது 4,202.

இதைப் பழிப்பது சுலபம். ஆனால், தீபாவளிக்கும் முனியாண்டி பூசைக்கும் மட்டும் கறி பார்த்த லயத்துப் பிள்ளைகளின் தட்டில் இன்று கோழி சாதாரணமாகிவிட்டது. அதைத் தந்தது இந்தத் தேர்வுதான். நானும் சாப்பிடுகிறேன்.

என்னை உறுத்துவது கறிக்கோழியைப் பெறும் தாய்க்கோழி. அதே அகோரப் பசி அதன் உடம்பிலும் இருக்கிறது. வயிறார விட்டால் கொழுத்து, கால் முடங்கி, முட்டையும் குறையும். அதனால் வளரும் பருவத்தில், அது தின்னக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே போடுகிறார்கள். பசியை உண்டாக்கியதும் நாம், ஆற்ற மறுப்பதும் நாம்.

"இந்தத் தேர்வு இல்லன்னா அந்தக் கோழியே பொறந்திருக்காதே. அப்ப யாருக்கு அநியாயம்?" என்றான் நண்பன். டெரிக் பார்ஃபிட் 1984இல் மனிதர்களை வைத்து எழுப்பிய சிக்கல் இது. என் பதில் எளிது: பிறக்காத கோழிக்குப் பசிக்காது, பிறந்ததற்குப் பசிக்கிறது. பிறப்பைக் கொடுத்தோம் என்பது, பசியோடு வைத்திருப்பதற்கான உரிமைச்சீட்டு அல்ல.

பாட்டியும் கருணைக்கடல் இல்லை. அவரும் அறுத்தார். ஆனாலும் அவர் தேர்ந்த குணம் கோழிக்கும் உதவியது, அதன் குஞ்சுக்கும் உதவியது. நாம் தேர்ந்த குணம் நமக்கு மட்டும்தான்.

பால்மரம் வெட்டி, பால் நிறுக்கும் தராசு முன்னால் நின்றே ஆயுளைக் கழித்தவர் பாட்டி. ஓர் உயிரை எடையால் மட்டும் அளந்தால் அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.