குருசந்தானமும் அரசாணையும்

சமயமொன்றன் மெய்ப்பொருளைக் காப்பது குருசந்தானமோ, வாதமோ, அதிகாரமோ என்னும் வினா நம்மனோர்க்கும் உரியதே. கிறித்து சமயத்தின் முதல் நானூறு ஆண்டு வரலாறு இதனை ஆராய்தற்குப் பெரிதும் துணைசெய்யும்.

அச்சமயம் ஆதியில் ஒரே கொள்கையும் ஒரே தலைமையும் உடையதாயிருந்ததென்பர் பலர். அஃது அவ்வாறன்று. மார்க்கியோன் என்பார் யூதர் வேதத்தை முற்றும் விலக்கி, லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையுமே பிரமாணமாகக் கொண்டார். 144-இல் உரோமாபுரிச் சபை அவரை நீக்கத் தனிச்சபை கண்டார். ஒருசாரார் யூத ஆசாரங்களை விடாது கைக்கொண்டனர். வாலெந்தீனர் ஞானமே வீட்டிற்கு வாயில் என்றார்.

இவர்களை மறுத்து, லியோன் நகரத்துப் பிஷப்பாகிய இரேனேயு 180-ஐ ஒட்டி ஐந்து பாகமுடைய நூலொன்று செய்தார். உரோமாபுரிப் பிஷப்புமாரை அப்போஸ்தலர் காலமுதல் தங்காலம் வரை நிரல்படக் கூறி, இச்சந்தானத்தோடு உடன்பட்டதே மெய் என்றார். மடத்திற் பயின்ற எமக்கு இவ்வாதம் இனிதே. ஆயின் வாலெந்தீனர் மாணாக்கரும் வாளாவிருந்திலர். தம் ஆசிரியர் பவுலின் மாணவராகிய தேயுதாவிடம் கேட்டவர் என்று அவரும் ஒரு சந்தானங் காட்டினர். இருதிறத்தார்க்கும் சந்தானம் உளதாயின், அஃதொன்றே வழக்கை முடிக்குமாறு யாங்ஙனம்? இரேனேயு இதனை உணர்ந்தார் போலும். எதிரிகளின் கொள்கையை விரித்துரைத்தே மறுக்கின்றார். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திற் கொண்ட நெறியும் இதுவே.

பிஷப்புமார் தலைமை வீணே எழுந்ததன்று. அரசர் துன்புறுத்திய காலத்துச் சிதறிய சபைகளைக் கட்டிக்காக்கவும், வறியோரைப் புரக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. அத்தலைமை அரசனோடு கூடியபோதே நிலைமை திரிந்தது. 325-இல் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கூட்டிய நைசியா மாசபையில் தோற்ற ஆரியு நாடுகடத்தப்பட்டார். 380-இல் தியோடோசியு, உரோமாபுரித் தமாசுவும் அலெக்சாந்திரியாப் பேதுருவும் கொண்ட கொள்கையே யாவர்க்கும் உரியதென ஆணை பிறப்பித்தான். 385-ஐ ஒட்டி, ஸ்பெயின் தேசத்துப் பிஷப்பாகிய பிரிசில்லியன், பிற பிஷப்புமார் குற்றஞ்சாட்ட, திரியர் நகரில் மாக்சிமு அரசனாற் சிரச்சேதம் செய்யப்பட்டார். சபையினின்று நீக்குதலே அமையுமென மன்றாடினார் தூர் நகரத்து மார்த்தீனர், அரசன் செவிமடுத்திலன். மார்த்தீனர் பிரிசில்லியன் கட்சியினர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தலையைக் கொய்தலாற் பூர்வபக்கம் மறுக்கப்பட்டதாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதற்கிடையே, 367-இல் அலெக்சாந்திரியா அத்தனாசியு இருபத்தேழு நூல்களைப் பெயர் குறித்து, அவையே பிரமாணமென நிருபம் விடுத்தார். ஒதுக்கப்பட்டன பலவும் மறைந்தன. 1945-இல் எகிப்து தேசத்து நாக் அம்மாதி என்னும் ஊரருகே மண்சாடியொன்றினுள் பழஞ்சுவடிகள் சில வெளிப்பட்டன. தோமா பெயரால் வழங்கும் நூற்றுப்பதினான்கு வாக்கியங்களும் அவற்றுள் உள. அதுகாறும் அக்கொள்கையினரைப் பற்றி உலகம் அறிந்தன பெரும்பாலும் இரேனேயு போல்வார் மறுத்தற்பொருட்டு எடுத்தெழுதி வைத்தனவே.